பெயர் கேளாத உறுப்புரிமை

ஒரே நிகழ்ச்சியை ஆயிரம் வீடுகள் ஒரே வேளையில் பார்க்கும்போது ஆயிரம் பிரதிகளை அனுப்பாமல், ஒன்றை மட்டும் அனுப்பிப் பாதை பிரியும் இடங்களில் அதைப் படியெடுத்துக்கொள்ளும் முறை குழுப்பரப்பல் எனப்படும். இலங்கையின் பியோ டிவி போன்ற இணையத் தொலைக்காட்சிச் சேவைகளுக்கு அடிப்படையான இம்முறையில், வெலிமடை போன்ற மலைநகருக்கு ஏறிவரும் ஒளியிழையில் ஓர் அலைவரிசை ஒரு தடவை வந்தால் போதும். அது எந்தத் தெருவுக்குள் நுழைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உறுப்புரிமை ஏற்பாடே இம்முறையின் வலிமைக்கும் நலிவுக்கும் ஊற்றாகும்.

1989இல் ஸ்டீவ் டியரிங் வரையறுத்த ஐ.ஜி.எம்.பி. நெறிமுறையின்படி, ஒரு கருவி தான் விரும்பும் குழுவின் முகவரியை அண்மையிலுள்ள ரவுட்டருக்கு அறிவிக்கிறது; ரவுட்டரோ, இன்னும் யாரேனும் உளரா என்று இடையிடையே (இரண்டாம் பதிப்பின் இயல்பமைப்பில் 125 விநாடிக்கு ஒருமுறை) வினவுகிறது. ஒரு கருவி முந்திப் பதிலளித்துவிட்டால் அதே குழுவின் ஏனையவை பதிலைத் தவிர்த்துவிடுவதால், ஒருவரேனும் இருக்கிறார் என்பதைத் தவிர, யார், எத்தனை பேர் என்பது ரவுட்டருக்குத் தெரியாது. பார்வையாளர் பெருகினும் அதன் சுமை பெருகாமைக்கு இந்த அறியாமையே காரணம் என்பதால், இதைக் குறையெனக் கொள்வது பொருந்தாது.

குறை வெளியேறும் வேளையில்தான் தலைகாட்டுகிறது. முதற்பதிப்பில் விடைபெறும் செய்தியே இல்லை. 1997இல் வந்த இரண்டாம் பதிப்பு அதைச் சேர்த்தது என்றாலும், வேறு யாரும் பார்க்கவில்லை என்பதை ரவுட்டர் மீண்டும் கேட்டு உறுதிசெய்யும் ஓரிரு விநாடிகளில் பழைய அலைவரிசையும் புதியதும் ஒருங்கே வீட்டுக் கம்பியில் இறங்குகின்றன. தூரம் கூடக்கூட வேகம் குறையும் செம்புக் கம்பியில், நகரிலிருந்து விலகிய வீடுகளுக்கு இது பெருஞ்சுமை. கேளாமலே உடனே துண்டிக்குமாறு அமைத்தாலோ, அதே வீட்டின் இன்னோர் அறையில் அந்த அலைவரிசையைப் பார்ப்பவரின் திரையும் நின்றுவிடக்கூடும். 2002இன் மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு கருவியும் தானே பதிலளிப்பதால் உறுப்பினரைத் தனித்தனியே கணக்கில் வைக்க வழி பிறந்தது. அதற்கு விலையாகச் செய்திகள் பெருகின.

இதனினும் ஆழமான பிழை, எவரும் சேரலாம், உறுப்பினரல்லாத எவரும் குழுவுக்கு அனுப்பலாம் என்ற தொடக்ககாலத் தாராளம். கட்டணமும் காவலும் இல்லாத அத்தகைய உறுப்புரிமையைத் திறந்த இணையத்தில் சேவை நிறுவனங்கள் ஏற்கத் தயங்கியதில் வியப்பில்லை. அனுப்புநரைக் குறிப்பிடாத குழுப்பரப்பலை வலையமைப்புகளுக்கிடையே கைவிடுமாறு இணையத் தர அமைப்பே 2020இல் பரிந்துரைத்தது.

கம்பியும் அலைவரிசையைப் பெறும் பெட்டியும் ஒரே நிறுவனத்தின் கையிலிருக்கும் இடத்தில் மட்டுமே இம்முறை செழித்தது என்பதுதான், வெலிமடை அமைந்த ஊவா மாகாணத்தின் தோட்டப்புறங்களுக்கு நேர்ந்த இழப்பு. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, பதுளை மாவட்டத்தின் மலைக்கிராமப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை உச்சிகளுக்கு ஏறினர். ஒரே நேரடிப் பாடத்தை ஒரே கோபுரத்தின் கீழ்ப் பலர் பார்த்தாலும் ஒவ்வொரு கைபேசிக்கும் தனிப்பிரதியே சென்றது. நான்காம் தலைமுறைக் கைபேசித் தரத்தில் குழுப்பரப்பலுக்கு இடமிருந்தும் உலகில் மிகச் சில நிறுவனங்களே அதைக் கையாண்டன. அது இருந்திருந்தாலும், ஒரே வேளையில் பார்த்தவர்களுக்கே பயன்பட்டிருக்கும். வேலை முடிந்து பெற்றோர் கைபேசியுடன் லயத்துக்குத் திரும்பிய பிறகே பதிவைப் பார்க்க முடிந்த பிள்ளைக்கு எந்தக் குழுவிலும் இடம் இருந்திராது.