வண்டி போகுமாங்க?

சேலத்திலிருந்து இந்தோருக்கு ஜவ்வரிசி லோடு. விரத நாள்களில் அந்த ஊர்க்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் சாபுதானா கிச்சடிக்கு நம் பக்கத்திலிருந்து மூட்டை போகிறது. அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஒரு டிரைவரிடம் இந்த லோடு வந்து சேர்ந்ததும் அவர் என்னென்ன செய்கிறார் என்று பக்கத்தில் இருந்து கவனிப்பது எனக்கு நல்ல கச்சேரி கேட்பது போல.

எடுத்ததும் செல்போனில் மேப் பார்ப்பார் என்று நினைப்போம். பார்ப்பார்தான், ஆனால் அது பிற்பாடு. முதலில் யாருக்காவது போன் போடுவார்.

"அண்ணா, நீங்க இந்தோர்ல லோடு எறக்கியிருக்கீங்கல்ல? குடோன் ஊருக்குள்ளயா, பைபாஸ்லயாங்க? நோ என்ட்ரி எத்தனை மணியிலிருந்து? பன்னெண்டு வீல் உள்ள திரும்புமா?"

ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். அவர் முதலில் விசாரிப்பதோ கடைசி நாலு கிலோமீட்டரை.

தெரியாத ஊருக்கு வழி கண்டுபிடிக்கும் கலைக்கு அஸ்திவாரமே இந்த வரிசைதான் என்பேன். நாமெல்லாம் புறப்படும் வாசலிலிருந்து வழி போடுகிறோம். லாரிக்காரர் இறக்குமிடத்திலிருந்து பின்னோக்கிப் போடுகிறார். பகலில் ஊருக்குள் விடமாட்டார்கள் என்றால் விடியும் முன் உள்ளே போய்விட வேண்டும். அப்படியானால் முந்தின நாள் சாயங்காலம் எந்த டோலைத் தாண்டியிருக்க வேண்டும், மலைப்பாதையை வெளிச்சத்தில் ஏறுவதா இருட்டிலா, எந்த பங்க்கில் கண்ணயர்வது என்று ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்து, சேலத்தில் தார்ப்பாய் கட்டி முடிக்க வேண்டிய நேரத்துக்கு வந்து நிற்பார். நடுவில் சரக்குக்கான இ-வே பில் கணக்கு வேறு: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். இத்தனையையும் யாரும் காகிதத்தில் எழுதி நான் பார்த்ததில்லை. கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் மனசுக்குள் முடிந்துவிடும்.

இந்தோருக்குப் பெரிய வழிகள் இரண்டு. பெங்களூரிலிருந்து சித்ரதுர்கா, ஹொஸபேட்டை, விஜயபுரா, சோலாப்பூர், துலே என்று மேற்கில் ஏறுவது ஒன்று. 44ஆம் நெடுஞ்சாலையை விடாமல் பிடித்து ஹைதராபாத், நாக்பூர் போய், அங்கிருந்து பேதுல் வழியாகத் திரும்புவது இன்னொன்று. மேற்கு வழியில் தூரம் குறைவு. ஆனாலும் புதிதாகப் போகிறவர் நாக்பூர் வழியைத் தேர்ந்தால் அதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் 44, நாமக்கல்காரர்களுக்கு வீட்டு வாசல் ரோடு. 2010இல் எண்களை மாற்றும் முன் நம் பக்கத்தில் அது ஏழாம் நம்பர். மூத்த டிரைவர்கள் இன்னும் 'பழைய செவன்' என்பார்கள். அதில் எங்கே நல்ல டயர் கடை, எங்கே நம்ம ஊர்ச் சாப்பாடு, எங்கே நிறுத்தித் தூங்கினால் டீசல் திருட்டுப் போகாது என்பதெல்லாம் அத்துப்படி. ஆந்திரத்தில் டீசல் விலை கூட, ஆகவே கர்நாடக எல்லைக்குள்ளேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும். நாக்பூர் வரைக்கும் பழகிய ரோடு, அதற்கப்புறம் மட்டுமே புதுசு. கிலோமீட்டரைக் கூட்டிக்கொண்டு, தெரியாத தூரத்தைக் குறைத்துக்கொள்கிறார்.

புது எண்களிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இரட்டைப்படை எண் தெற்கு வடக்காக ஓடும், ஒற்றைப்படை கிழக்கு மேற்காக. 16 கிழக்குக் கரையோரம், 44 நடுவில், 66 மேற்குக் கரையோரம். மூன்று இலக்கம் வந்தால் கிளைச் சாலை. சேலத்தில் பிரிந்து கோவை வழியாகக் கொச்சி போகும் 544 அப்படிப்பட்டது. மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநிலச் சாலை. பேர்ப்பலகை தெரியாத மொழியில் இருக்கும் ஊரில் எண்ணும் நிறமும் போதும்.

மேப் ஒன்றும் பொய் சொல்வதில்லை. நம் கையில் இருப்பது காருக்கும் பைக்குக்குமான மேப், அவ்வளவுதான். வண்டியின் உயரமும் எடையும் அதற்குத் தெரியாது. ஒன்பதரை அடிக் கன்டெய்னர் டிரெய்லர் மேல் உட்கார்ந்தால் தரையிலிருந்து பதினாலு அடியைத் தாண்டும். அகலப் பாதையில் ஆளில்லா ரயில்வே கேட்டுகளை 2019 ஜனவரியோடு முழுக்க எடுத்துவிட்டார்கள். உயிர்களைக் காப்பாற்றும் நல்ல காரியம். பல இடங்களில் கேட் இருந்த இடத்தில் இப்போது சுரங்கப்பாதை. கார் நேராகப் போய்விடும், உயரமான லாரி முன்னாலிருக்கும் இரும்பு வளைவோடு நின்றுவிடும். கோவையிலிருந்து மைசூருக்கு மேப் காட்டுகிற சத்தியமங்கலம், திம்பம் பாதையும் அப்படித்தான். 27 கொண்டை ஊசி வளைவு. 2022இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை தடை வந்தது, 16.2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்குப் பகலிலும் அனுமதி இல்லை என்றானது. பந்திப்பூர் காட்டில் 2009 முதலே இரவு 9 மணிக்கு மேல் ரோடு மூடல். மேப்பில் ஒரே கோடாகத் தெரியும் ரோட்டை டிரைவர் மணிக்கணக்கோடும் டன் கணக்கோடும் சேர்த்தே மனசில் வைத்திருக்கிறார்.

போகிற ரோடும் வருகிற ரோடும் அவருக்கு வெவ்வேறு. வடக்கே போகும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம். வண்டி முக்கி முனகிக்கொண்டு ஏறிவிடும், ஆபத்து குறைவு. ரிட்டன் லோடோடு தர்மபுரியிலிருந்து வரும்போது அதுவே நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டவர்களை இரட்டைப் பாலத்தருகே அது பலி வாங்கியிருக்கிறது. இந்தோருக்குத் தெற்கே, பழைய ஆக்ரா–பம்பாய் ரோட்டில் உள்ள 'கணபதி காட்' மலைப்பாதையிலும் இதே சங்கதி: பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்துகளால் பேர் கெட்ட இறக்கம். அதனால்தான் அனுபவஸ்தர் வழி கேட்கும்போது 'போறப்ப எப்படி, வர்றப்ப எப்படி' என்று தனித்தனியாகக் கேட்பார்.

இனி, கேட்பது. இங்கேதான் எனக்கு உண்மையான மயக்கம். காரில் வருகிறவர் கண்ணாடியை இறக்கி "இந்த ஊருக்கு எப்படிப் போறது?" என்பார். லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, எதிரே நடந்து வந்து "இதுல வண்டி போகுமாங்க?" என்பார். இந்தி பேசும் ஊரில் "உஸ்தாத், காடி ஜாயேகா?" இலக்கணம் முன்னே பின்னே இருக்கும், கேள்வி கச்சிதம். யாரிடம் கேட்கிறார் என்று பாருங்கள். ஆட்டோக்காரரிடம் கேட்கமாட்டார், அவருக்குச் சந்துபொந்தெல்லாம் தெரியும், அதுவே வினை. பஞ்சர் கடையில் கேட்பார். எந்தச் சைஸ் டயர் அந்த ரோட்டில் வருகிறது என்று கடைக்காரருக்குத்தான் தெரியும். அதைவிட மேல், தன் வண்டி சைஸிலேயே எதிரே வருகிற இன்னொரு லாரி. ஒருவர் சொன்னதோடு விடவும் மாட்டார். அரைக் கிலோமீட்டர் தள்ளி இன்னொருவரிடம் அதே கேள்வி. இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் கியர் விழும்.

ஆள் யாரும் கிடைக்காத நடுராத்திரியில் ரோட்டையே கேட்பார். ஹெட்லைட் வெளிச்சத்தில் சாலையோர வேப்பமரத்தின் கிளைகள் ஒரே உயரத்தில் ஒடிந்திருந்தால், உயரமான பாடி அடிக்கடி போய் வருகிற ரோடு. வளைவில் மண்ணோரத்தின் மேல் இரட்டை டயர்த் தடம் அகலமாக ஏறி இறங்கியிருந்தால் நீள வண்டி திரும்பியிருக்கிறது. தளிரெல்லாம் ரோட்டின் மேல் தாராளமாகத் தொங்கிக்கொண்டிருந்தால் அங்கேயே நின்றுவிடுவார்.

அப்படி நின்ற ஒருவரை ஒரு தடவை பார்த்தேன். ஹைவேயிலிருந்து கிராமத்துச் சாலை பிரியும் முனை. ஹசார்ட் லைட்டைப் போட்டுவிட்டு, கிளீனரை வண்டியில் உட்காரவைத்து, டார்ச்சோடு நடந்தார். சின்னப் பாலம் ஒன்று வந்ததும் ஒரு கைப்பிடிச் சுவரிலிருந்து மறுசுவர் வரைக்கும் அடி மேல் அடி வைத்து அளந்தார். தலைக்கு மேல் கரண்டுக் கம்பியை அண்ணாந்து பார்த்தார். பாலத்தைத் தாண்டியும் போனார்; எதற்கு என்று கேட்டதற்கு, "போயிரலாமுங்க, திருப்ப எடம் வேணுமில்ல" என்றார். ரிவர்ஸில் வெளியே வர முடியாத ரோட்டில் முன்னால் போவதே தப்பு என்பது அவர் கணக்கு. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, விடியட்டும் என்று படுத்துக்கொண்டார். அந்த நிதானத்துக்கு முன் எந்த வேகமும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

கடைசியில் ஒன்று. இந்தோரில் லோடு இறக்கியவரை அடுத்த மாதம் இன்னொருவர் போனில் பிடிப்பார். அவர் திரும்ப அனுப்பும் வாய்ஸ் மெசேஜைக் கேட்க வேண்டும். வழி சொல்கிறவர்கள் எல்லாரும் எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்வார்கள். தேர்ந்த டிரைவர் திரும்பத் தவறினால் என்ன தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்: "எடது கை பக்கம் எடைமேடை வருமுங்க, அதை ஒட்டித் திரும்பிருங்க. மேம்பாலம் ஏறிட்டீங்கன்னா தாண்டிட்டீங்கன்னு அர்த்தம். பாலத்து மேல பிரேக் போட்டு நிக்காதீங்க, ரிவர்ஸ் எடுக்காதீங்க. நேராப் போயிருங்க, மூணு கிலோமீட்டர்ல ஒரு பங்க் இருக்குது, அங்க பன்னெண்டு வீல் தாராளமாத் திரும்பும்."