மின்கட்டணத்தின் காவல்: இலங்கையிலும் தமிழ்நாட்டிலும்

வீட்டில் எரியும் விளக்குக்கு என்ன விலை என்பதை மின்சாரத்தை விற்கும் ஸ்தாபனம் தானே நிர்ணயிக்கலாகாது, ஆளும் மந்திரியும் தம் சௌகரியத்துக்கேற்ப நிர்ணயிக்கலாகாது, இருவருக்கும் அப்பால் நின்று கணக்குக் கேட்கும் மூன்றாவது சபை ஒன்று வேண்டும் என்ற கொள்கையை இந்தியாவும் இலங்கையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஏற்றுக்கொண்டன. 1998ஆம் ஆண்டின் சட்டப்படி 1999இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. இலங்கையில் 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவைப் படைத்தது. மின்கட்டணத்தின் மீது அதற்கு அதிகாரம் கிட்டியதோ 2009ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்துக்குப் பிறகுதான்.

சபைகள் அமைந்தும் காவல் உறங்கியது. 2013க்குப் பின் ஒன்பது ஆண்டுகள் இலங்கையில் கட்டணம் ஏறவில்லை. தமிழ்நாட்டிலோ 2014 டிசம்பரில் ஏறிய கட்டணம் அடுத்து 2022 செப்டம்பரில்தான் ஏறியது. இதைப் பொதுமக்களின் மீது கொண்ட கருணை என்று கொள்வோருண்டு. எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. நிலக்கரியும் எண்ணெயும் விலை ஏற, விற்கும் விலை மட்டும் நின்றபடியே நின்றால், இடைவெளி கடனாக எங்கோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்பதே பொருள். அந்தக் கடன் ஒருநாள் வட்டியோடு ஏழையின் வாசலுக்கு வந்து நிற்கும்.

இலங்கையில் அப்படியே வந்து நின்றது. மாதம் முப்பது அலகு மட்டும் செலவழிக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மூன்று விளக்குகளும் ஒரு மின்விசிறியும் உள்ள வீடு அது. 2022 ஆகஸ்டுக்கு முன் அலகுக்கு 2.50 ரூபாயும் நிலையான கட்டணம் 30 ரூபாயுமாக அதன் பட்டியல் 105 ரூபாய். சராசரி 75 சதவீத ஏற்றம் வந்த ஆகஸ்டில் அது 360 ஆயிற்று. அடுத்து ஆறே மாதத்தில், 2023 பெப்ரவரியில், சராசரி 66 சதவீதம் என்று அறிவித்த மறு ஏற்றத்தில் அலகு 30 ரூபாயாகவும் நிலையான கட்டணம் 400 ஆகவும் மாற, அதே வீடு 1,300 ரூபாய் கட்ட நேர்ந்தது. சராசரி என்ற சொல் எத்தனை கொடுமையை மூடிவைக்கும் என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

அந்த இரண்டாம் ஏற்றத்தை ஆணைக்குழுவின் தலைவர் ஜானக ரத்நாயக்க பகிரங்கமாக எதிர்த்தார். ஏனைய உறுப்பினர்கள் ஒப்ப, அது நடைமுறைக்கு வந்தது. மே மாதம் பாராளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்கில் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் சொன்னவை அனைத்தும் சரியா என்பது வேறு விஷயம். ஆனால் கட்டணத்தைப் பற்றி மாறுபட்ட காவலரை ஆளுங்கட்சியின் பெரும்பான்மையே அகற்றிவிடக்கூடுமானால், அடுத்து வருபவரின் நாக்கு எவ்வளவு சுதந்திரமாக அசையும்?

ஆயினும் அந்த ஆணைக்குழு மாண்டுவிடவில்லை. 2025இன் முதல் அரையாண்டுக்குக் கட்டணம் மாறவேண்டாம் என்று மின்சாரத்தை விற்கும் இலங்கை மின்சார சபை கோரியபோது, மாகாணந்தோறும் சென்று மக்கள் கருத்தைக் கேட்டபின், ஜனவரி 17 முதல் 20 சதவீதம் குறைக்கும்படி அது தீர்ப்பளித்தது. விற்பவன் கேட்டதற்குக் கீழே விலையை இறக்கிய இந்தத் துணிவைத் தமிழ்நாட்டு ஆணையத்திடம் காண நான் ஆசைப்படுகிறேன்.

தமிழ்நாட்டுக்கு வேறொரு சிறப்புண்டு. சலுகை தர விரும்பும் சர்க்கார் அதற்கான பணத்தை மின் நிறுவனத்துக்கு முன்கூட்டியே செலுத்தவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு விதிக்கிறது. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம்; அதன் செலவு ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கில் எல்லோர் கண்ணிலும் படுகிறது. இலங்கைக்கு இந்த வழக்கம் அவசியம் வேண்டும். தமிழ்நாட்டு ஆணையத்தின் முடிவில் குறையுண்டென்றால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதற்கு மேல் உச்ச நீதிமன்றமும் இருக்கின்றன. எனினும், பொதுநலக் கொள்கை என்ற பெயரில் மாநில சர்க்கார் ஆணையத்துக்கு உத்தரவிட 108ஆம் பிரிவு இடம் தருவதால், இங்கும் காவலரின் கைகள் முழுதும் கட்டற்றவை அல்ல.

ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிச் சிறிது சிறிதாகக் கட்டணத்தைத் திருத்தும் முறை 2022க்குப் பின் தமிழ்நாட்டில் வந்திருக்கிறது. எட்டாண்டுச் சுமையை ஒரே நாளில் இறக்குவதைவிட இது நியாயமானதே. ஆனால் குறியீடு ஏறுகிறது என்பது மட்டுமே காரணமாகி, நிறுவனத்தின் வீண்செலவைக் குடைந்து கேட்கும் விசாரணை மங்கிவிடலாகாது. பொது விசாரணை அறிவிப்பு அடுத்த முறை வெளிவரும்போது, வாசகர்களே, உங்கள் மின்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே சென்று, இந்தத் தொகை எப்படி வந்தது என்று எழுந்து நின்று கேளுங்கள். அக்கரையிலும் இக்கரையிலும் சட்டம் உங்களுக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது.