நாஸிரா, நஸீரா?

சென்ற நோன்பு மாதத்துக்குச் சற்று முன்பு எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு மௌத்துச் செய்தி வந்தது. மொழி தமிழ்தான், எழுத்து ஆங்கிலம். மௌத்தானவரின் பெயர் ஐந்தே எழுத்து. நான் அதை நஸீர் என்று வாசித்தேன். உடனே நஸீர் நானாவின் வீட்டுக்குக் கோல் எடுத்து ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். "வாப்பா இப்பதான் பள்ளிக்குப் போறாங்க மாமா, யாரு மௌத்து?" என்று அவர் மகள் கேட்டாள்.

மௌத்தானவர் நாஸிர். என்னோடு ஒன்றாக ஓதப்பள்ளிக்கு வந்தவர். "இன்று அஸருக்குப் பிறகு அடக்கம்" என்றிருந்த செய்தியில் திகதி இல்லை. அது முந்திய நாள் எழுதப்பட்டு, கை மாறிக் கை மாறி என்னிடம் வந்திருந்தது. அந்த ஜனாஸா எனக்குத் தவறிப் போனது.

நாஸிர், நஸீர் இரண்டும் அரபியில் ஒரே வேரில் பிறந்த சொற்கள். ஆனாலும் வேறு வேறு பெயர்கள். தமிழில் எழுதியிருந்தால் நெடில் எங்கே விழுகிறது என்பதே ஆளைக் காட்டியிருக்கும்.

எழுத்துப்பிழை என்றதும் நம்மில் பலருக்குக் கோபம் வருகிற இடம் வேறு. ரமழானா, ரமலானா என்று நோன்புதோறும் ஒரு சண்டை. அந்த அரபு எழுத்துக்கு நேரான ஒலி தமிழில் இல்லை. இலங்கையில் நாம் ழகரத்தைப் போட்டு ரமழான், வுழூ என்கிறோம். தமிழ்நாட்டில் ரமலான், ஒளு என்பார்கள். அதே எழுத்தைத்தான் 'காதி நீதிமன்றம்' என்னும்போது நாமே தகரமாக்குகிறோம். எதிலும் பொருள் கெடவில்லை. இதற்காக ஒருவரை ஒருவர் ஏசுவது வீண் வேலை.

பொருள் கெடுகிற இடத்தில்தான் எனக்கு எரிச்சல். காலமானவரை 'இரந்தார்' என்று எழுதினால், அவர் பிச்சை கேட்டவராகிவிடுகிறார். ஆங்கில எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடுவதால் பள்ளியும் பல்லியும் ஒன்று, வலியும் வழியும் ஒன்று. போதாததற்கு, ஸலாத்தை மூன்று ஆங்கில எழுத்தாகச் சுருக்கிவிட்டோம். விடிய எழும்பியதும் பத்துப் பேருக்குப் பூப்படம் அனுப்ப நேரமிருக்கிறவருக்கு, ஸலாத்தை முழுசாக எழுத நேரமில்லையாம்.

இதைச் சொன்னபோது ஒரு தம்பி மடக்கினார்: "நம்மட முன்னோரும் வேற எழுத்துலதானே தமிழ் எழுதினாங்க?" நல்ல கேள்வி. அரபுத் தமிழ் நம்முடைய சொத்துத்தான். ஆனால் அவர்கள் செய்ததைப் பாருங்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருந்த எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துகளை உண்டாக்கினார்கள். எகர ஒகரத்துக்கும் குறி வைத்தார்கள். குர்ஆன் ஓத மட்டும் தெரிந்தவர்களும் அதனால் மார்க்க நூல்களைத் தமிழில் வாசித்தார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் அவ்வெழுத்தில் பெரிய நூல்களையே எழுதினார்கள். அவர்கள் எழுத்தை மாற்றியபோது ஒலியைக் காப்பாற்றினார்கள். நாம் எழுத்தை மாற்றி ஒலியைத் தொலைக்கிறோம். அவர்களைச் சாட்சிக்கு அழைக்க நமக்கு உரிமை இல்லை.

எல்லாரையும் குற்றம் சொல்லவும் முடியாது. சிங்கள மொழியில் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அவர்கள் குரலில் அனுப்பட்டும். குரலில் ழகரம் தப்பிப் பிழைக்கும். ஆனால் தமிழில் படித்து, தமிழில் கவிதையும் எழுதுகிற நாம், போனைக் கையில் எடுத்ததும் ஆங்கில எழுத்துக்குத் தாவுவதற்கு என்ன நியாயம்? தமிழ் விசைப்பலகை இன்று எல்லாப் போனிலும் இருக்கிறது. சோம்பல்தான். நானும் அந்தச் சோம்பேறிகளில் ஒருவன்.

மற்றச் செய்திகள் எப்படியும் போகட்டும். மௌத்துச் செய்தியையாவது தமிழில் எழுதுவோம். பெயர், வாப்பாவின் பெயர், திகதி, தொழுகை நடக்கும் பள்ளி, மையவாடி. ஐந்து வரி. அனுப்புமுன் ஒருமுறை வாசித்துப் பார்ப்போம்.

நஸீர் நானா இப்போதும் என்னைக் கண்டால், "நான் இன்னும் ஈக்கிறன் தம்பி" என்று சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன். நாஸிரின் வீட்டாரிடம் ஏன் ஜனாஸாவுக்கு வரவில்லை என்று சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.