படகோட்டியின் முகம்: ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ பற்றி ஒரு நோக்கு

மணிரத்தினத்தின் நெறியாள்கையில் 2002 இல் வெளிவந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’, ஈழத்தமிழரின் பேரழிவை ஒன்பது வயதுச் சிறுமியின் தேடலூடாகக் காட்ட முனைந்த படம். கருவுற்ற சியாமா கடல்கடந்து இராமேசுவரம் சேர்கிறாள். முகாமிலே பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுக் கணவனை நாடித் திரும்புகிறாள். நந்திதா தாசின் அடங்கிய நடிப்பு அவள் துணிவை நம்பவைக்கிறது. ஆனால், அவளைக் கரைசேர்த்தவன் யார்? படம் அவனைப் பொருட்படுத்தவில்லை.

மன்னார்க் கரையை அறிந்தோர்க்கு இக்குறை எளிதிற் புலப்படும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், பேசாலை, தலைமன்னார்க் கரைகளிலிருந்து அகதிகளை ஏற்றிய வள்ளங்கள் இருளிலே புறப்பட்டன. தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான்; ஆயினும் இடையிலே கடற்படையின் காவல். ஓட்டிகள் பலர் கூலி பெற்றனர். மக்களை மணல்தீடைகளில் இறக்கிவிட்டு மீண்டவரும் உளர். அதனால் அவர்தம் துணிவு பொய்யாகிவிடுமா? அச்சமும் ஆசையும் இரக்கமும் ஒருவனுள்ளே பொருதும் இவ்விடமே கலைக்குரிய களம். யூத இன அழிப்பைப் பொருளாகக்கொண்ட ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ (1993), இலாபம் தேடி வந்த ஒருவனையே நடுவில் நிறுத்தி, அவன் மாறுவதைப் பொறுமையுடன் தொடர்ந்தது.

மணிரத்தினமோ தன் வலிமை முழுவதையும் மழையில் நிகழும் தாய்-மகள் சந்திப்பிற் குவித்துவிட்டார். காட்சி உருக்கமானதுதான், ரகுமானின் இசையும் துணைநிற்கிறது. எனினும், அது தமிழகத்துக் குடும்பப்படம் நன்கறிந்த கண்ணீர். சியாமா ஈழத்துக்கு மீண்டதும் யாரோ ஒருவன் செலுத்திய வள்ளத்திலேதான் இருக்கவேண்டும். அப்பயணத்திற் படம் தங்கி நிற்கவில்லை.