188 மார்க் பிரெஞ்சு

பிளஸ் டூ பிரெஞ்சுத் தாளில் நான் 200க்கு 188. தமிழ் எடுத்திருந்தால் 160ஐத் தாண்டியிருக்க மாட்டேன் என்று வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை, எனக்கும்தான். அந்த 188ஐ வைத்துக்கொண்டு பாண்டிச்சேரி போனபோது தெருப் பெயர்ப் பலகைகளைத் தாண்டி என்னால் எதையும் வாசிக்க முடியவில்லை. கல்லூரியில் முதல் செமஸ்டர் முடிவதற்குள் மொத்தமும் காலி.

அந்த மார்க் எதற்கும் தேவைப்படவும் இல்லை. பொறியியல் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்பட்டது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொழிப்பாடத்துக்கு அதில் இடமே கிடையாது. சொந்தக்காரர்கள் கேட்டால் 1200க்கு இவ்வளவு என்று சொல்ல உதவியது, அவ்வளவுதான். பிரெஞ்சு மேல் ஆசைப்பட்டு நாங்கள் யாரும் பிரெஞ்சு எடுக்கவில்லை. மனப்பாடச் செய்யுளிலிருந்தும் இலக்கணக் குறிப்பிலிருந்தும் தப்பிப்பதற்காக எடுத்தோம். மிச்சமாகும் நேரத்தில் கணக்குப் போடலாம் என்பது திட்டம். 2006ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் பத்தாம் வகுப்புவரை தமிழ் படிப்படியாகக் கட்டாயமானது. பதினொன்றாம் வகுப்பில் அந்தக் கதவு இன்றும் திறந்தே இருக்கிறது.

அந்தக் கதவு வழியாக 2020ல் என் அக்கா மகளும் போனாள்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது கொட்டச்சேட்டில். ஏற்காட்டிலிருந்து குப்பனூர் பக்கம் இறங்குகிற மலைப்பாதையில் இருக்கிற ஊர். தேக்கு மரங்களைத் தாண்டிப் போனால் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி, அடியில் காப்பிச் செடி. ஊரடங்கில் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதும் நான் லேப்டாப்போடு அங்கே போய்விட்டேன். இவளுக்கு சேலத்தில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, எல்லாமே ஆன்லைன். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. காப்பிப் பழம் காயப்போடுகிற களத்தின் மேல்மூலையில் மட்டும் இரண்டு கோடு வரும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அவளுக்கு, ஒன்று எனக்கு. காலை முதல் வகுப்பு பிரெஞ்சு. எனக்கு மீட்டிங் தொடங்கப் பத்தரை ஆகும் என்பதால் அதுவரை நானும் ஓசியில் பிரெஞ்சு படித்தேன்.

பாடப்புத்தகம் என்பதும் வாசிக்கக் கிடைத்த ஒரு பிரதிதான். அதை விமர்சகனாக யாரும் வாசிப்பதில்லை என்பதால் நான் வாசித்துப் பார்த்தேன். மனிதர்கள் அறிமுகம் செய்துகொள்கிறார்கள், காபிக் கடையில் உட்காருகிறார்கள், ஈஃபில் கோபுரத்துக்கு வழி கேட்கிறார்கள், வழி சொன்னவருக்கு நன்றி சொல்கிறார்கள். யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. கடன் இல்லை, சாவு இல்லை, பக்கத்து வீட்டோடு வரப்புத் தகராறு இல்லை. நான் படித்த புத்தகமும் இதே மாதிரிதான் இருந்தது. பதினைந்து வருஷமாக அதே ஆட்கள் அதே காபியைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மொழி என்பதை ஒரு சுற்றுலாத் துண்டறிக்கையாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் என் பெரிய குறை அதுவல்ல. தமிழ் பேசுகிற பிள்ளைக்கு பிரெஞ்சை இங்கிலீஷ் வழியாகச் சுற்றிக் கூட்டிப்போவதுதான் என் குறை.

இரண்டாவது வாரம் ஆசிரியை வயசு கேட்டார். அக்கா மகள் மைக்கை ஆன் செய்து 'ஜெ சுயி ஸெஸ் ஆன்' என்றாள். தப்பு. 'ஜே ஸெஸ் ஆன்' என்று சொல்ல வேண்டும். அடுத்த மூன்று பேரும் அதே தப்பைச் செய்தார்கள். நானும் என் காலத்தில் அதைத்தான் செய்தேன். காரணம் எளிது. மனசுக்குள் 'ஐ ஆம் சிக்ஸ்டீன்' என்று ஓடுகிறது, 'ஆம்' இருக்கிற இடத்தில் 'சுயி' போய் உட்கார்ந்துகொள்கிறது. வகுப்பு முடிந்ததும் "இதைத் தமிழ்ல சொல்லு" என்றேன். "எனக்குப் பதினாறு வயசு" என்றாள். நான் பதினாறு என்று எந்தத் தமிழனும் சொல்வதில்லை. பிரெஞ்சுக்காரனும் சொல்வதில்லை. அவனுக்கும் வயசு என்பது தன்னிடம் இருக்கிற ஒன்று, தான் அதுவல்ல. பசியும் அப்படித்தான். நமக்கு எனக்குப் பசிக்குது, அவனுக்கு 'ஜே ஃபேம்', பசி என்னிடம் இருக்கிறது. இங்கிலீஷ்காரன்தான் தானே பசியாகிறான். வேற்றுமை உருபும் வினைச்சொல்லும் ஒன்றல்ல என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், சரிதான். ஆனாலும் அந்தத் தப்பு தமிழிலிருந்து வந்ததல்ல. நடுவில் நிற்கும் இங்கிலீஷிலிருந்து வந்தது.

'டாக்டர் மிஸஸ் வாண்டர்டிராம்ப்' என்று ஒரு அம்மா இருக்கிறார். கடந்தகாலத்தைச் சொல்லும்போது வருதல், போதல், பிறத்தல், சாதல் போன்ற சில வினைகளுக்கு மட்டும் பிரெஞ்சில் 'இரு' என்ற துணைவினை வரும், மற்றவற்றுக்கு 'உடைமை'ச் சொல் வரும். அந்தச் சில வினைகளின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர்தான் இந்த அம்மா. 188 மார்க்கில் அவருக்கு நல்ல பங்கு உண்டு. வந்திருக்கேன், போயிருக்கேன் என்று நாள் முழுக்கப் பேசுகிற வாய்க்கு, வருவதோடு 'இரு' சேர்வது புதிசா என்ன? சாப்பிட்டிருக்கேன் என்றும் நாம் சொல்வோம், அங்கே பிரெஞ்சு நம்மை விட்டு விலகும். எங்கே ஒட்டுகிறது, எங்கே பிய்கிறது என்று தமிழை வைத்துக் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். யாரும் காட்டவில்லை. தமிழிலிருந்து தப்பிக்க எடுத்த பாடத்தில் தமிழ் எப்படி வரும்?

ஒரு ஓரக்கதை. ஏற்காட்டில் 1917ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியை நடத்துவது கேப்ரியல் சகோதரர்கள் சபை. சேக்ரட் ஹார்ட் கான்வென்டை நடத்துவது குளுனி கன்னியர் சபை. இரண்டுமே பிரான்ஸில் பிறந்த சபைகள். பிரான்ஸில் முளைத்த சபைகள் இந்த மலைமேல் இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளை வளர்த்திருக்கின்றன. எங்கள் மலைக்கு பிரெஞ்சு எப்போதும் இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறது போல.

நான் பிரெஞ்சைத் திரும்பப் பிடித்தது அந்த வகுப்பில் அல்ல, இரவில். என் பெட்டியில் க்ரியா வெளியிட்ட 'அந்நியன்' இருந்தது. ஆல்பெர் காம்யுவின் நாவலை வெ. ஸ்ரீராம் நேராக பிரெஞ்சிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தது. அவரும் ச. மதனகல்யாணியும் சேர்ந்து மொழிபெயர்த்த 'குட்டி இளவரசன்' அக்கா வீட்டு அலமாரியிலேயே கிடந்தது. பிரெஞ்சு மூலத்தை லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பத்தி அதில், ஒரு பத்தி தமிழில் என்று தொடங்கினேன். மூன்று வாரத்தில் நாவலின் முதல் பாகம் முடிந்தது. பள்ளியில் இரண்டு வருஷத்தில் நடக்காதது இது. ஆனால் பள்ளி கொடுத்த வினைச்சொல் அட்டவணை இல்லாமல் இதுவும் நடந்திருக்காது. நன்றி கொன்றவன் ஆக வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வரியிலேயே 'மமான்' என்ற சொல் வருகிறது. இந்த ஒரு சொல்லை வைத்து இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாளர்கள் பட்டபாடு பிரபலம். 1946ல் ஸ்டுவர்ட் கில்பர்ட் 'மதர்' என்று போட்டார், விறைப்பாகிவிட்டது. 'மம்மி' என்றால் குழந்தைத்தனம். 1988ல் மேத்யூ வார்ட் பேசாமல் 'மமான்' என்றே விட்டுவிட்டார். தமிழில் இந்தப் பிரச்சினையே கிடையாது. மூன்று வயதிலும் ஐம்பது வயதிலும் நாம் ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். அம்மா. பாசமும் இல்லாமல் விலகலும் இல்லாமல் அது அங்கே போய் உட்காரும். மெர்சோ தாயை நேசித்தானா என்று கோர்ட் கேட்கப்போகிற நாவலுக்கு, விடை சொல்லாத ஒரு சொல்தான் வேண்டும்.

அதே நாவலில் ரேமோன் என்ற பக்கத்து வீட்டுக்காரன் மெர்சோவை ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்கிறான். எழுதி முடித்த பிறகு பேச்சில் 'வூ' போய் 'து' வந்துவிடுகிறது. மெர்சோவுக்கு அது உடனே உறைப்பதில்லை. அவன் வாழ்க்கையைக் குட்டிச்சுவராக்கப் போகிற நட்பு அந்த ஓரெழுத்தில்தான் தொடங்குகிறது. இங்கிலீஷில் எல்லாமே 'யூ', அதனால் சுற்றி வளைத்து எதையாவது சேர்க்க வேண்டும். தமிழில் நீங்கள் நீ ஆனால் போதும். 'குட்டி இளவரசன்' கதையில் பாலைவனத்தில் அந்தப் பையன் முதன்முதலாகப் பேசும்போது வாக்கியத்தின் முதல் பாதியில் 'வூ', அடுத்த பாதியில் 'து'. மரியாதையாக ஆரம்பித்து, பொறுக்க முடியாமல் உரிமைக்குத் தாவிவிடுகிறான். எந்த வீட்டுக் குழந்தையும் புது மாமாவிடம் இப்படித்தான் பேசும். இந்த இரண்டு இடத்தையும் படிக்கத் தெரிந்தால் 'து', 'வூ' பற்றிய பாடம் முடிந்தது. எங்கள் புத்தகத்திலோ 'ஃபார்மல்', 'இன்ஃபார்மல்' என்று ஒரு கட்டம்.

தமிழ் எல்லா இடத்திலும் வசதி என்று சொல்ல வரவில்லை. படர்க்கைக்கு வந்தால் தலைகீழ். பிரெஞ்சில் நீதிபதியும் 'இல்', கடற்கரையில் சுடப்படுகிற பெயரில்லாத அரேபியனும் 'இல்'. இலக்கணம் இருவரையும் ஒரே பலகையில் உட்காரவைக்கிறது. கதைதான் ஒருவனை இறக்கிவிடுகிறது. தமிழில் அவர், அவன் என்று எந்த மொழிபெயர்ப்பாளரும் முடிவெடுத்தே ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. நீதிபதியை 'அவர்' என்றும் அரேபியனை 'அவன்' என்றும் எழுதுவது நமக்கு இயல்பாக வரும். பிரெஞ்சு மௌனமாக மறைத்ததைத் தமிழ் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. அந்தப் பெயரில்லாதவனுக்கு மூசா என்று பெயர் வைத்து, அவன் தம்பி பேசுவதாக அல்ஜீரிய எழுத்தாளர் காமெல் தாவூத் 2013ல் ஒரு நாவல் எழுதினார். 'அவன்' என்ற சொல்லிலேயே அந்த நாவலுக்கான கோபம் பாதி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இந்த நாவலைப் பற்றி சார்த்ர் 1943லேயே எழுதிய கட்டுரையில் அதன் வாக்கியங்கள் ஒவ்வொன்றும் ஒரு தீவு என்கிறார். உண்மைதான். ஆனால் தமிழுக்கு வரும்போது ஒவ்வொரு தீவிலும் யாருக்கு எந்த நாற்காலி என்று கேள்வி எழுந்துவிடுகிறது.

இதையெல்லாம் நான் இரவில் யோசித்துக்கொண்டிருக்க, அக்கா மகள் பகலில் செய்துகாட்டினாள்.

'கடையில் ஓர் உரையாடல்' என்று வீட்டுப்பாடம். எல்லோரும் பாரிஸ் கடையை எழுதினார்கள். இவள் கொஞ்சம் கெட்டிக்காரி, இல்லை சோம்பேறி, கண்முன்னால் இருந்ததை எழுதினாள். வாரத்தில் இரண்டு நாள் கீரையும் பலாப்பழமும் கொண்டுவருகிற ஆயா. பறிப்புக் காலத்தில் எங்கள் காட்டில் காப்பிப் பழமும் பறிப்பவர், எழுபது வயதுக்குக் குறையாது. உரையாடலில் இவள் ஆயாவை 'து' என்கிறாள், ஆயா இவளை 'வூ' என்கிறார். கடைக்காரரிடம் 'வூ' சொல்ல வேண்டும் என்று ஆசிரியை எல்லா 'து'வையும் சிவப்பில் சுழித்து அனுப்பினார். ஆயா சொன்ன 'வூ'க்கள் எல்லாம் சரி.

"ஏன் அப்படி எழுதின?" என்றேன்.

"நாம அவங்கள நீ-ன்னுதானே மாமா சொல்றோம்."

"வயசானவங்க இல்லையா?"

"நம்ம ஆயாவையும் நீ-ன்னுதானே சொல்றேன்?"

நியாயமான பதில். ஆனால் அவளுடைய சொந்த ஆயா அவளை "வாடி, போடி" என்பாள். இந்த ஆயா "பாப்பா, சாப்ட்டீங்களா?" என்பார். ஒரே 'நீ', ஆனால் ஒன்று வட்டமாகத் திரும்பி வருகிறது, இன்னொன்று திரும்பி வருவதில்லை. இதை நான் சொன்னதும் அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக அந்த ஆயாவிடம் பேசுகிறாள், பிரெஞ்சில் எழுதிய பிறகுதான் அது கண்ணில் பட்டது. எனக்கும் அப்போதுதான் பட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் அந்தக் களத்தில் உட்கார்ந்துகொண்டு அவரிடம் "ஆயா, கொஞ்சம் தள்ளி நில்லு, கேமராவுல தெரியற" என்று சொன்னவன்.

திருத்தி எழுதியதில் பாதி மார்க் கூடக் கிடைத்தது. அத்தோடு முடிந்திருக்கும். மறுவாரம் ஆயா கீரைக்கட்டோடு வந்தார். இவள் மைக்கை மியூட் செய்துவிட்டு எழுந்து போய், "வாங்க ஆயா, டீ குடிச்சீங்களா?" என்றாள்.

ஆயா கீரையைத் திண்ணையில் வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்:

"ஏம்மா, பாப்பாவுக்கு எம்மேல எதாச்சும் கோவமா?"