சரக்கு மூச்சு விடுவதில்லை

மிச்சிகன் ஏரிக்கரையில் லடிங்டன் மாநிலப் பூங்கா. அக்டோபர் மாத விடியல். உறைநிலையைத் தொட்டுவிடும் குளிர். பக்கத்துக் கூடாரத்தில் தூங்கி எழுந்த என்னை, நண்பர் தாம் கட்டிய கேம்பருக்குள் காபி குடிக்கக் கூப்பிட்டார். அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதற்குள்தான் இரவைக் கழித்திருந்தார்கள். உள்ளே பைன் மரவாசனை. இழைத்து மெருகேற்றிய பலகைச் சுவர். அளவெடுத்துத் தைத்தது போன்ற அலமாரிகள். மேலே பார்த்தேன். கூரைப் பலகையை இரும்புச் சட்டத்தோடு பிணைக்கும் திருகாணிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் ஒரு சொட்டு நீர் தொங்கிக்கொண்டிருந்தது. மேல்தட்டில் தூங்கிய சின்ன மகளின் போர்வை தொட்டால் ஈரம்.

கூரை ஒழுகவில்லை. இரவு மழையும் இல்லை. நால்வரும் விட்ட மூச்சுதான் குளிர்ந்த இரும்பைத் தேடிப்போய் நீராகித் தொங்கியது.

வட அமெரிக்காவில் சிறிய சரக்கு டிரெய்லரை வாங்கிக் குடும்பம் தங்கும் கேம்பராக மாற்றும் வழக்கத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்தச் சொட்டுகள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. அது பொருள்களுக்காகச் செய்த பெட்டி. பொருள் மூச்சு விடாது. நள்ளிரவில் வெளியே போக வேண்டும் என்று எழாது. ஒன்றிரண்டு நாள் ஏற்றி இறக்கினால் அதன் வேலை முடிந்தது. இந்த வழக்கத்தின் நிறைகளும் குறைகளும் ஒரே இடத்திலிருந்து, அதாவது அந்தப் பெட்டியின் பிறப்பிலிருந்து, வருகின்றன என்பதே என் கணிப்பு.

வண்டியைத் தானே கட்டிக்கொள்ளும் ஆசை அமெரிக்காவுக்குப் புதிதல்ல. ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தைத் தொடங்கிய வாலி பையம், முழு வண்டிகளை விற்பதற்கு முன் வீட்டிலேயே கட்டிக்கொள்வதற்கான வரைபடங்களைத்தான் விற்றார். 1947இல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் கண்ணீர்த்துளி வடிவச் சிறு டிரெய்லரின் வரைபடத்தை வெளியிட்டது. அதைப் பார்த்துப் பலர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே வண்டி கட்டினார்கள். கோவிட் காலத்தில் அந்த ஆசை மீண்டும் பெருகியது. 2021இல் மட்டும் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 6 இலட்சம் பொழுதுபோக்கு வண்டிகள் வெளிவந்தன. அதுவரை இல்லாத எண்ணிக்கை அது. விலையும் ஏறியது. கடன் வாங்கிப் புது கேம்பர் வாங்க மனமில்லாத குடும்பங்களின் கண், வேலிக்கு அப்பால் வரிசையாக நின்ற வெள்ளைச் சரக்குப் பெட்டிகள் மீது விழுந்தது.

அந்தக் கண் தவறாகப் பார்க்கவில்லை. பெட்டியின் உடல் உறுதியானது. அடியில் பற்றவைத்த இரும்புச் சட்டம். பக்கங்களில் 16 அல்லது 24 அங்குலத்துக்கு ஓர் இரும்புக் கால். தரையில் முக்கால் அங்குல ப்ளைவுட். வெளியே அலுமினியத் தகடு. கூரை பெரும்பாலும் இணைப்பே இல்லாத ஒரே தகடு. தொழிற்சாலை கேம்பர்கள் பலவற்றில் மெல்லிய மரச்சட்டமும் அதன்மேல் ஒட்டிய பலகையும்தான் சுவர். ஓரத்தில் எங்கோ நீர் புகுந்தால் உள்ளுக்குள் மரம் ஊறி, வெளிச்சுவர் உப்பி, வண்டியே பாழாகும். சரக்கு டிரெய்லரிலும் நீர் புகலாம். ஆனால் புகுந்த இடம் தெரியும். பலகையைக் கழற்றிப் பார்க்கலாம். காய வைத்து மறுபடி பூட்டலாம். தன் கையால் போட்ட திருகாணியைத் தன் கையால் எடுக்க முடிவது பெரிய சௌகரியம்.

இரண்டாவது நிறை, குடும்பத்துக்கு ஏற்ற அளவு. 6க்கு 12 அடி என்றால் 72 சதுர அடி. இந்த அளவில் விற்கும் கேம்பர்கள் பெரும்பாலும் இருவரை மனத்தில் வைத்துச் செய்தவை. கழிப்பறைக்கும் அடுப்புக்கும் இடம் போக, பிள்ளைகளுக்கு மிஞ்சுவது இரவில் படுக்கையாக மாறும் மேசை. தானே கட்டுகிறவர் தன் வீட்டைப் பார்த்துத் திட்டமிடுகிறார். நண்பர் குளியலறையே வைக்கவில்லை. பூங்காவில் அது இருக்கிறது. அடுப்பையும் பின்கதவுக்கு வெளியே இழுத்து வைக்கும்படி அமைத்தார். மிஞ்சிய இடத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு தட்டுப் படுக்கை வந்தது. பெரியவன் வளர்ந்ததும் தட்டை ஓர் அடி நீட்டினார். கடையில் வாங்கிய வண்டியில் இதைச் செய்யத் துணிவு வராது.

மூன்றாவது நிறையைப் பணத்தால் அளக்க முடியாது. நண்பரின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. எந்தக் கம்பி எந்த விளக்குக்குப் போகிறது, ஃபியூஸை ஏன் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள், சக்கரத்தின் பேரிங்குக்கு எப்போது கிரீஸ் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். குடும்பமாக ஒரு பொருளைக் கட்டும்போது பிள்ளைக்குள் இறங்கும் அறிவு அது.

நிறைகள் மெய். இனி குறைகளையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும்.

முதலில் காற்று. நண்பரின் பெட்டிக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 13 கன மீட்டர். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அவ்வளவு காற்று தாங்கக்கூடிய நீராவி 220 கிராம் அளவுதான். தூங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஓரிரவில் வெளிவிடும் ஈரமே கால் லிட்டர் அளவுக்கு வரும். நான்கு பேர் என்றால் ஒரு லிட்டர். தாங்காத ஈரம் எங்காவது படிந்தாக வேண்டும். சுவருக்குள் எத்தனை நல்ல நுரைப்பலகை வைத்தாலும், அதன் இடையே ஓடும் இரும்புக் கால்கள் வெளிக்குளிரை நேரே உள்ளே கொண்டுவருகின்றன; திருகாணித் தலைகளில் சொட்டு தொங்கியது அதனால்தான். கண்ணுக்குத் தெரியும் சொட்டைத் துணியால் துடைத்துவிடலாம். பலகைக்குப் பின்னால் படிந்த ஈரம் பூஞ்சையாகிப் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும். உள்ளே கேஸ் எரித்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. கூரையில் 14 அங்குலச் சதுர விசிறி ஒன்று, அதற்குக் காற்று கொடுக்கத் தாழ்வாக ஒரு சன்னல், குளிர் இரவிலும் இரண்டையும் சிறிது திறந்து வைக்கும் பழக்கம். இவற்றை வைத்தே ஈரத்தைப் பெருமளவு அடக்கலாம். ஆனால் சூடு வெளியேறும் என்று பயந்து முதலில் அடைப்பது இவற்றைத்தான்.

ஈரம் மெல்லக் கெடுக்கும். கார்பன் மோனாக்சைடு விடியும்வரை காத்திருக்காது. நிறமில்லை, மணமில்லை. ஏறக்குறைய காற்றின் எடையே அதற்கும் என்பதால் பெட்டி முழுவதும் பரவிவிடும். கசியும் புரொப்பேனோ காற்றைவிடக் கனமானது; தரையோடு தேங்கும். ஆகவே ஒன்றை எச்சரிக்கும் கருவி படுக்கை மட்டத்திலும், மற்றதை எச்சரிக்கும் கருவி தரையை ஒட்டியும் இருக்க வேண்டும்.

அடுத்தது கதவு. சரக்கு டிரெய்லரின் பக்கக் கதவு பலவற்றில் வெளியே நீண்ட இரும்புக் கம்பியும் அதைத் திருப்பிப் பூட்டும் கைப்பிடியும் இருக்கும். உள்ளே பிடியே இருக்காது. சரக்குக்கு எதற்குப் பிடி? வெளியிலிருந்து ஒருவர் அந்தக் கம்பியைத் திருப்பினால் உள்ளிருப்பவர் சிறைப்பட்டார். லடிங்டனில் அன்று மாலை, பக்கத்துத் தளத்துச் சிறுவன் ஒருவன் விளையாட்டாக அந்தக் கைப்பிடியைத் திருப்பிவிட்டு ஓடினான். உள்ளேயிருந்த சின்ன மகள் பலகையைத் தட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அரை நிமிடத்தில் திறந்துவிட்டோம். அந்த அரை நிமிடத்தில் உள்ளே தீ என்றிருந்தால் என்று நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நண்பர் மட்டும் வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது எடை. இந்த அளவுப் பெட்டிகள் பலவற்றின் தகட்டில் மொத்த எடை எல்லை 2,990 பவுண்டு என்று பொறித்திருக்கும். ஏன் இந்த வினோத எண்? பல மாநிலங்களில் 3,000 பவுண்டு எல்லையைத் தாண்டும் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். அந்தக் கோட்டுக்குப் பத்துப் பவுண்டு கீழே நின்றால் பிரேக் இல்லாமலே விற்கலாம். வெறும் பெட்டி 1,400 பவுண்டு என்றால், மிஞ்சுவது 1,590 பவுண்டு. நிறைய இருப்பதுபோல் தோன்றும். முக்கால் அங்குல ப்ளைவுட் தாள் ஒன்றே 60 பவுண்டுக்கு மேல். 20 கேலன் தண்ணீர் 167 பவுண்டு. குளிர்சாதனம், பேட்டரி, பெட்டி நிறையத் துணி, சமையல் சாமான், சைக்கிள் என்று ஏற்றினால் எல்லை எப்போது கடந்தது என்றே தெரியாது. எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்கொக்கியின்மேல் அழுத்த வேண்டும். தண்ணீர்த் தொட்டியைப் பின்கோடியில் வைத்தால் கொக்கி இலேசாகும்; நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். இழுக்கும் காரையும் சேர்த்துப் புரட்டிவிடக்கூடிய ஆட்டம் அது. நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் எடைமேடை இருக்கிறது; கட்டணம் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ஆயினும் அதில் ஏற்றிப் பார்க்காமலே பயணம் புறப்படும் குடும்பங்கள் உண்டு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தொழிற்சாலையில் செய்ததெல்லாம் பத்திரமானதா? இல்லை. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்க அரசு வீடிழந்தவர்களைக் குடியேற்றிய டிரெய்லர்களே சாட்சி. உள்ளே பயன்படுத்திய மலிவான பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசிந்து, மக்கள் கண்ணெரிச்சலாலும் மூச்சுத் தொல்லையாலும் அவதிப்பட்டார்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 519 குடியிருப்புகளைச் சோதித்தபோது காற்றில் சராசரியாக நூறு கோடிக்கு 77 பங்கு அந்த வாயு இருந்தது. தொழிற்சாலை முத்திரை மட்டும் யாரையும் காக்கவில்லை.

ஆனால் அந்த மறுப்பு பாதிதான் சரி. அந்தத் துயரத்துக்குப் பிறகு 2010இல் பலகைகளுக்கான சட்டம் வந்தது. வண்டிகளின் தீப்பாதுகாப்புக்கு என்எஃப்பிஏ 1192 என்ற விதித்தொகுப்பு ஏற்கெனவே இருக்கிறது: புகைமணி, வாயு எச்சரிக்கைக் கருவி, தீயணைப்பான், கதவைத் தவிர வெளியேற இன்னொரு வழி. அமெரிக்காவில் குழந்தைகளின் மேல்தட்டுப் படுக்கைத் தடுப்புக்கும் விதி உண்டு. குழந்தையின் உடல் நழுவிச் சிக்கிவிடாதபடி மூன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. இத்தகைய விதிகளின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ பட்ட பாடு இருக்கிறது. தொழிற்சாலையை இவற்றைப் பற்றிக் கேட்க ஆள் உண்டு. கொட்டகையில் கட்டும் தகப்பனைக் கேட்க ஆளில்லை. அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வழக்கத்தின் ஆழமான குறையாக நான் காண்பது வேலையின் வரிசை. கட்டியவர்கள் காட்டிப் பெருமைப்படுவது பலகைச் சுவரையும் மஞ்சள் விளக்கையும். பார்ப்பவர்கள் வியப்பதும் அவற்றையே. தாழ்ப்பாளை யாரும் படம் எடுப்பதில்லை. எடைச்சீட்டை யாரும் சட்டமிட்டு மாட்டுவதில்லை. எனவே முதல் பணமும் முதல் உற்சாகமும் கண்ணுக்குத் தெரிவதில் கரைகின்றன. உயிரைக் காப்பது மிச்சப் பணத்துக்குக் காத்திருக்கிறது. நண்பரிடமும் அதுதான் நடந்தது. பைன் பலகைக்குச் செலவான தொகையில் பாதி போதும், நல்ல விசிறியும் முறையான கேம்பர் கதவும் வந்திருக்கும். சுவருக்குப் பலகை அடித்து முடித்தபின் கதவை மாற்றுவதும் சன்னல் வெட்டுவதும் இரட்டை வேலை. இரும்புக் காலை அறுத்தால் சுற்றிலும் சட்டம் கொடுத்துப் பலப்படுத்த வேண்டும். அழகாக அடித்த பலகையைப் பிய்க்க வேண்டும். மனம் வராது. தள்ளிப்போகும்.

ஆகவே யாருக்கு இது தகும்? கோடை, இலையுதிர் காலங்களில் நாலைந்து இரவு தங்கும் குடும்பத்துக்கு, கருவிகளோடு பழகிய கைக்கு, எடைமேடையில் ஏறத் தயங்காதவருக்கு இது தகும். தொழிற்சாலை கேம்பரைவிடச் சிக்கனமான, நீடித்த, தம் வீட்டுக்குப் பொருந்திய வண்டி கிடைக்கும். கடுங்குளிரில் மாதக்கணக்கில் தங்க நினைப்பவருக்கும், கேஸ், மின் வேலைகளைத் தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்க்காதவருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். தொழில்முத்திரை இல்லாத வண்டியைச் சில தனியார் முகாம்கள் அனுமதிப்பதில்லை. காப்பீடும் எளிதில் கிடைப்பதில்லை. அவற்றை வாங்கும் முன்பே விசாரிப்பது நல்லது.

நண்பர் அந்தக் குளிர்காலத்தில் பலகையைப் பிய்த்தார். வெளிக்கம்பிக் கதவை எடுத்துவிட்டு, உள்ளிருந்தே திறக்கும் கதவை வைத்தார். பிள்ளைகளின் தட்டுக்குப் பக்கத்தில், முழுதாகத் தள்ளித் திறக்கும் சன்னல் ஒன்றை வெட்டினார். கூரையில் விசிறி வந்தது. பைன் பலகையில் ஒட்டுப்போட்ட தழும்பு இன்றும் தெரிகிறது. அடுத்த மே மாதம், முதல் பயணத்துக்கு முந்தின இரவு, வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி விளக்கையெல்லாம் அணைத்தார். மேல்தட்டில் படுத்திருந்த சின்ன மகளிடம், யாரையும் கூப்பிடாமல் வெளியே வரச் சொன்னார். நானும் அவரும் இருட்டில் நின்றோம். முதலில் சன்னலின் தாழ் நகரும் சத்தம். பிறகு இரண்டு கைகள். பிறகு அவளே தகப்பனின் தோளுக்கு இறங்கினாள்.

“இன்னொரு தடவை” என்றாள். கதவு வழியாக ஒரு தடவை, சன்னல் வழியாக ஒரு தடவை என்று மொத்தம் மூன்று முறை வெளியே வந்தாள். அதன்பிறகுதான் நண்பர் சாமான் ஏற்றத் தொடங்கினார்.