ஏர் லாக்கர் சோதனை: சுவிட்ச் விளக்கை நம்பலாமா?

கொஞ்ச நாளாக ராத்திரி தூக்கம் வராதபோது நான் பார்க்கும் வீடியோக்களில் பாதி ஒரே கதைதான். ஆஸ்திரேலியாவில் ஏதோ ஒரு மலைக்காட்டுப் பாதை. ஒரு பிக்கப் (அங்கே 'யூட்' என்பார்கள்) மேட்டில் ஏறப் பார்க்கும். பின் சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுற்றும், வண்டி நகராது. ஓட்டுகிறவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு சுவிட்சை அழுத்துவார். வண்டி சாவகாசமாக மேலே போய்விடும். "லாக்கர் போடுங்க, வாழ்க்கையே மாறிடும்" என்று முடியும்.

இதைச் சோதனை என்கிறார்கள். எனக்கு இது செயல்விளக்கம் மாதிரித்தான் தெரிகிறது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மெல்பர்னில் இருக்கும் என் நண்பர் ஒருவருக்குக் கிட்டத்தட்ட வண்டியையே காவு கேட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அடிப்படை. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதனால்தான் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு ரெண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிறது. ஏர் லாக்கர் காற்றழுத்தத்தால் ஒரு பிஸ்டனைத் தள்ளி, ஒரு பக்கப் பல்சக்கரத்தை டிஃபரென்ஷியல் கூட்டோடு சேர்த்துப் பூட்டிவிடும். அப்புறம் ரெண்டு சக்கரமும் ஒரே தண்டில் மாட்டியது போல ஒரே வேகத்தில்தான் சுற்றும். காற்றை விட்டால் ஸ்பிரிங் பிஸ்டனைத் திரும்பத் தள்ளும், பூட்டு திறந்துவிடும். மெல்பர்னில் 1975-ல் தொடங்கிய ஏஆர்பி நிறுவனத்தால்தான் இந்தப் பொருள் உலகம் முழுக்கப் பரவியது.

இந்த வீடியோக்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியம்: "பூட்டு இல்லாத டிஃபரென்ஷியல் எல்லா சக்தியையும் சுத்துற சக்கரத்துக்கே அனுப்பிடும்." தப்பு. அது ரெண்டு சக்கரத்துக்கும் ஏறக்குறைய சம முறுக்குவிசையைத்தான் தரும். சிக்கலே அந்தச் சமத்தில்தான். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். சேற்றில் இருக்கும் சக்கரம் 50 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காமல் வழுக்குகிறது. கல்லில் இருக்கும் சக்கரம் 1000 தாங்கும். பூட்டு இல்லையென்றால் இந்தப் பக்கம் 50, அந்தப் பக்கமும் 50, மொத்தம் 100. பூட்டினால் 1050 வரை போகலாம்.

இதே கணக்கில் டிராக்ஷன் கன்ட்ரோலையும் பாருங்க. அது சுற்றும் சக்கரத்தில் 400 அளவுக்கு பிரேக் பிடிக்கிறது என்றால், கல்லில் இருக்கும் சக்கரத்துக்கு 450 போகும். தரையைத் தள்ள மொத்தம் 500 கிடைக்கும், 400 பிரேக்கில் சூடாகப் போகும். மோசமில்லை! ஆனால் சக்கரம் வழுக்கிய பிறகுதான் அது வேலையை ஆரம்பிக்கும். லாக்கர் வழுக்குவதற்கு முன்னாலேயே தயாராக இருக்கும். உண்மையான ஒப்பீடு இந்த ரெண்டுக்கும் இடையில்தான். பெரும்பாலான வீடியோக்களில் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டு, எதுவுமே இல்லாத வண்டியோடு லாக்கரை மோத விடுகிறார்கள். ஜெயிக்காமல் என்ன செய்யும்?

அடுத்தது ஒழுங்கு. முதல் முயற்சியில் தடுமாறிய வண்டி, ரெண்டாவது முயற்சியில் ஒரு அடி தள்ளி வேறு தடத்தில் ஏறும். இல்லையென்றால் கொஞ்சம் வேகமாக வந்து ஏறும். நடுவில் டயர் காற்றை 35 பிஎஸ்ஐ-யிலிருந்து 18-க்கு இறக்கியிருப்பார்கள், அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. காற்றை இறக்கினாலே டயர் தரையைப் பிடிக்கும் பரப்பு கூடும், கல்லின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும். செலவில்லாத இந்த வேலைக்குச் சேர வேண்டிய பெயரை, சில ஆயிரம் டாலர் லாக்கர் வாங்கிக்கொள்கிறது.

இனி நண்பர் கதை. முன்னும் பின்னும் ஏர் லாக்கர், கம்ப்ரஸர், பொருத்தும் கூலி என்று நல்ல தொகை செலவழித்தார். வேலை முடிந்ததும் பொருத்தியவர் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். விளக்கு எரிந்தது, கம்ப்ரஸர் ஓடியது. சோதனை முடிந்தது! நண்பரும் வீடியோக்களில் அதைத்தான் பார்த்திருந்தார்.

மூன்றாவது பயணத்தில், ஈரக் களிமண் ஏற்றத்தில் பாதி வழியில் பின் லாக்கர் விட்டுவிட்டது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. வண்டி பின்னோக்கிச் சறுக்கி, குறுக்காகத் திரும்பி, பள்ளத்தின் ஓரத்தில் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது. உள்ளே அவரும் அவர் மகளும். யாருக்கும் அடியில்லை. "லைட் எரிஞ்சுதுடா, அதை நம்பித்தான் ஆக்சிலேட்டரை விடல" என்று போனில் சொன்னார். அப்புறம் அடியில் படுத்துப் பார்த்தால், காற்றுக் குழாய் சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில் போய், சூட்டில் இளகி ஓட்டையாகியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது விளக்கை. இப்படித் தனியாக வாங்கிப் பொருத்தும் ஏர் லாக்கர்களில் அந்த விளக்கு பொதுவாகச் சொல்வது 'சுவிட்ச் போட்டாச்சு' என்பதை மட்டும்தான். பூட்டு விழுந்ததா என்று பார்க்க டிஃபரென்ஷியலுக்குள் சென்சார் கிடையாது. கம்பெனியிலிருந்தே வரும் பல மின்சார லாக்கர்களில் சென்சார் உண்டு. பூட்டு விழும்வரை விளக்கு மினுக்கும், விழுந்த பிறகுதான் நிலையாக எரியும். காற்று போனால் ஏர் லாக்கர் திறந்துகொள்ளும் என்பது சாலையில் நல்ல குணம். செங்குத்தான ஏற்றத்தில் அதே குணம் ஆபத்து. அழுத்தம் பாதியாக இருந்தால் பல் அரைகுறையாகச் சேர்ந்து தேயவும் செய்யும். நான் பார்த்த எந்த வீடியோவிலும் கசிவுச் சோதனை இல்லை.

கழற்றுவதையும் யாரும் காட்டுவதில்லை. சுவிட்சை அணைத்ததும் சோலனாய்டு வால்வு 'புஸ்' என்று காற்றை வெளியேற்றும். அந்தச் சத்தம் வந்துவிட்டதாலேயே பூட்டு திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அச்சுத் தண்டுகளில் முறுக்கு இறுகியிருந்தால், வண்டி கொஞ்சம் நேராக உருண்டு அது தளரும்வரை பூட்டு ஒட்டிக்கொண்டே இருக்கும். முன் லாக்கர் இப்படி ஒட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். முழுக்கத் திருப்பிய நிலையில் மிதித்தால் சிவி ஜாயின்ட் உடைய வாய்ப்புண்டு.

பக்கவாட்டுச் சரிவு இன்னொரு விஷயம். பூட்டாத அச்சில் ஒரு சக்கரம் சுற்றினாலும் இன்னொன்று சுற்றாமல் நின்று தரையைப் பிடித்திருக்கும். பூட்டிய அச்சில் ரெண்டும் சேர்ந்து சுற்றினால், பக்கவாட்டில் பிடித்து நிறுத்த ஆளில்லை. வால் பகுதி பள்ளத்தைப் பார்த்து நழுவும். லாக்கர் நிலைமையை மோசமாக்கும் இடம் இது. இதைச் சொல்லாத சோதனையை எப்படி நம்புவது?

சரி, குறை மட்டும் சொன்னால் போதாது. நல்ல சோதனை எப்படி இருக்கும்? பாதி வேலை வீட்டு வாசலிலேயே நடக்கும். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் சக்கரம் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க. டூ-வீல் டிரைவ், நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விட்டிருக்கணும். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். லாக்கரைப் போட்டுச் சுற்றினால் ரெண்டும் ஒரே திசையில் சுற்றும். அணைத்தால் பழையபடி எதிர்த்திசை. விளக்கு பொய் சொல்லலாம், சக்கரம் சொல்லாது.

அப்புறம் லாக்கரைப் போட்டபடியே பத்து பதினைந்து நிமிஷம் விட்டுவிட்டுக் காதைக் கொடுங்க. கம்ப்ரஸர் அழுத்தம் ஏறியதும் நின்றுவிட வேண்டும். மறுபடி மறுபடி ஓடினால் எங்கேயோ கசிகிறது. குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வெளியே எதுவும் தெரியவில்லை என்றால் உள்ளே ஓ-ரிங்கைச் சந்தேகப்படணும். அங்கே கசியும் காற்று டிஃபரென்ஷியல் கூட்டுக்குள் போய், பிரீதர் வழியாக ஆயிலைத் தள்ளும். ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு, எல்லாம் சூடாக இருக்கும்போது இதையே திரும்பச் செய்ய வேண்டும். நண்பரின் குழாய் அப்போதே மாட்டியிருக்கும்.

மலைக்குப் போவது அதன் பிறகுதான். ஒரே ஏற்றம், ஒரே தடம், ஒரே டயர் அழுத்தம், லோ ரேஞ்சில் ஊர்ந்து போகும் வேகம். டிராக்ஷன் கன்ட்ரோல் மட்டும், பின் லாக்கர் மட்டும், ரெண்டு லாக்கரும் என்று மூன்று நிலை, ஒவ்வொன்றையும் சில தடவை. எது ஏறியது என்பதோடு, எந்த நிலையில் எத்தனை முறை ஏறவில்லை என்றும் எழுதி வைக்கணும். இதைப் பார்க்க சலிப்பாகத்தான் இருக்கும், பார்வைகளும் அதிகம் வராது.

நண்பர் லாக்கரைக் கழற்றிவிடவில்லை. குழாயை மாற்றி, சைலன்சரிலிருந்து தள்ளிக் கட்டியிருக்கிறார். ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் நாள் சாயங்காலம் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துவார். மகள்தான் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "ஒரே பக்கம் சுத்துதுப்பா" என்று சொல்வாளாம். அதைக் கேட்ட பிறகுதான் சாமான் ஏற்றுகிறார்.